கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை

கனமூலைப் பக்கம் வற்றிக்கொண்டிருந்த குளமொன்றின் சேற்றிலிருந்து அந்த மண்டையோட்டை எடுத்து வந்து என் புத்தக அலுமாரியில் வைத்தேன். மூக்குப் பக்கம் உடைந்திருந்தது, பல் ஒன்றுகூட இல்லை. மனைவி கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்ச, அது பண்டிட தலயா?"

லேசான கேள்வியல்ல. ஈரத்தோடு வந்த எலும்பு பன்றியுடையதென்றால், மார்க்கப்படி பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். பட்ட இடத்தில் இருந்தவை என் புத்தகங்கள். அவற்றைக் கழுவ அவள் தயங்கமாட்டாள்; பல வருடத்து ஆசை.

அழிந்துபோன பழைய ஊர்வனவற்றைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் வீட்டுக்கு உதவிய ஒரே நாள் அதுதான். மகளையும் கூப்பிட்டு விளக்கினேன். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னர், பல்லி போலக் கிடந்தவை இரு கூட்டமாகப் பிரிந்தன. ஒன்றுக்குக் கண்ணுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஓர் ஓட்டை. தாடைத் தசைக்கு இடம். மற்றதில் பிறகு பக்கத்துக்கு இரண்டு வந்தன. ஒற்றை ஓட்டைக்காரர் சிலர் முதுகில் கப்பல்பாய் போல விரித்துத் திரிந்தார்கள். பார்த்தால் ராட்சதப் பல்லி, உறவோ நம்மோடு. பாண் மெல்லும்போது கன்னப்பொட்டில் விரல் வைத்தால் அசைவது அந்தத் தசைதான். பல்லி, முதலை, கோழியெல்லாம் இரட்டை ஓட்டை வழி.

மண்டையோட்டைத் திருப்பினேன். கண்குழிக்குப் பின்னால் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. விரல் விட்டுக் காட்டினேன்.

"ரெண்டு. முதலதான். பண்டிக்கு ஒண்டுதான் இரிக்கும்."

"நமக்கு?" என்றாள் மனைவி.

"நமக்கும் ஒண்டு."

மகள் சிரித்தாள். "அப்ப பண்டி வாப்பாக்கு சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன், அறிவியலுக்குத் துரோகம் செய்யாமல்.

"முதல?"

"அது கூட்டமே வேற."

மனைவியின் முகம் தெளிந்தது. புத்தகங்கள் தப்பின.

"அப்ப வெளியில வைங்க. கொமருப் புள்ள இரிக்கிற வீட்டுல சொந்தமில்லாத ஆம்புளய வைக்கேலுமா?"

"மண்டையப் பாத்து ஆணா பொண்ணா எண்டு சொல்லேலா. பொம்புளயாவும் இரிக்கலாம்."

"அப்ப இப்பவே வைங்க" என்றாள், என்னைப் பார்த்தபடி.

முதலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.