417-ஆம் ஜோடியில் கேட்ட மஃரிப் பாங்கு

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பவுண்டு, முப்பத்தைந்து பியாஸ்தர். ஒரு டெலிபோன் லைனின் பேரில் இருபத்தாறு வருஷமாக யாரும் கட்டாமல் கிடந்த பாக்கி. பெரிய தொகை இல்லை. இன்றைக்கு மூன்று கிலோ செம்பு வாங்கக்கூடக் காணாது. ஆனால் அந்தத் தொகை எனக்குச் சாகும்வரை மறக்காது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்களை அன்றன்றே சிகரெட் அட்டையில் குறித்து வைத்தேன். அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஸக்கி உயிரோடுதான் இருக்கிறான். அவனிடம் போய்க் கேட்டால் பேச்சை மாற்றுவான், அவ்வளவுதான்.

ஊர் ஸகாஸீக் பட்டணத்துக்குப் பக்கம். பெயர் வேண்டாம். என் பெயர் அப்துல் மவ்ஜூத். இருபது வருஷத்துக்கு மேல் மண்ணைத் தோண்டிச் செம்புக் கேபிள் புதைத்தவன். இப்போது அதே செம்பைப் பிடுங்கி எடுப்பதுதான் பிழைப்பு.

எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது. போனில் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள், படம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். ரமலான் வந்தால் போதும், முப்பது நாளும் தொடர்கள். அதற்கெல்லாம் கம்ப்யூட்டர் அலமாரிகள் வேண்டும், அலமாரிகள் நிற்க இடம் வேண்டும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் சுவர் தடிமன், மின்சாரம் நிற்காது, ஊருக்கு நடுவிலும் இருக்கிறது. ஆகவே கூடத்தைக் காலி செய்து டேட்டா சென்டர் ஆக்குகிறார்கள். வாடகை சதுர மீட்டருக்கு இல்லை. எத்தனை கிலோவாட் இழுக்கிறாய் என்று பார்த்து வாங்குகிறார்களாம். குளிர்காற்று வெளியே போகாமலிருக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே நின்றால் பகலா இரவா என்று தெரியாது. செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட வராது.

அந்தக் கூடத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒன்பதாயிரம் ஜோடிக் கம்பிகள். ஒரு ஜோடி என்றால் ஒரு வீடு. ரமலான் இருபத்தெட்டில் துறைமுகத்திலிருந்து அலமாரிகள் லாரியில் வந்துவிடும். அதற்குள் சட்டத்தை எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் புதுக் கூடத்துக்குக் காவல் வேலை எனக்குத்தான் என்று இன்ஜினியர் தாமிர் வாக்குக் கொடுத்திருந்தார். மாதம் ஒன்பதாயிரம் பவுண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. செம்பு தீர்ந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டுவதற்கு முன் ஜோடியில் சோதனைப் போனை மாட்டிக் கேட்க வேண்டும், மீட்டரும் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ரிசீவரைக் கீழே வைத்திருந்தால் நாற்பத்தெட்டு வோல்ட் காட்டும். எடுத்துப் பேசிக்கொண்டிருந்தால் ஏழு. செத்த கம்பியில் பூஜ்யம். யாராவது பேசிக்கொண்டிருந்தால் மட்டும் வெட்ட மாட்டோம். முடிக்கிற வரை நிற்போம். பெரியவர்கள் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

இங்கே பேச ஆளே இல்லை. எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்தைப் போன வருஷமே நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியும் பூஜ்யம்தான். கேட்பது வெறும் சடங்கு.

ரமலான் பத்தொன்பது. மாலை 4.50.

417-இல் போனை மாட்டினேன். மீட்டர் ஏழு காட்டியது.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஏழுதான். காதில் ஒரு வீடு கேட்டது. தட்டு வைக்கும் சத்தம். கண்ணாடித் தம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். எங்கேயோ தண்ணீர் கொதித்தது. யாரும் போனில் பேசவில்லை. ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலை பார்க்கிற மாதிரி இருந்தது. நான் கட்டுப்பாட்டை மீறவில்லை. நின்றேன்.

அப்புறம் அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில், சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கச் சொல்கிற பாங்கு கேட்டது. மஃரிப்.

நாளெல்லாம் நோன்போடு நின்றவன் நான். சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். சுவர்க் கடிகாரம் 5.09 காட்டியது. அந்தக் கடிகாரத்தை எங்களில் யாரும் நம்புவதில்லை.

பருப்பு சூப் குடிக்க வெளியே வந்தேன்.

தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ரொட்டிக் கடையில் வரிசை நின்றது. எல்லோரும் என் ஈர வாயைப் பார்த்தார்கள். ஸக்கி ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, உள்ளூர்க்காரன், வாய் சும்மா இருக்காது. என்னை உஸ்தா என்பான், மேஸ்திரி என்று அர்த்தம்.

"உஸ்தா, உங்களுக்கு மட்டும் அல்லா தனியா சூரியனை அஸ்தமிக்க வச்சானா?"

வரிசை முழுதும் சிரித்தது. மஃரிப் 6.04-க்குத்தான் வந்தது. ஒரு நோன்பு போய்விட்டது. பிறகு வேறொரு நாள் வைத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும். அதைவிட, ஸக்கி சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவன்தான் எங்கிருந்தோ பழைய டேப்பை ஓட்டி என்னை முட்டாளாக்கினான் என்று முடிவு கட்டினேன். நான் விரட்டப்பட்டால் காவல் வேலை யாருக்குப் போகும்? அவனுக்குத்தான்.

மறுநாள் அவனுடைய செல்போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, எதிரில் உட்கார வைத்தேன். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைக்கச் சொன்னேன். அவன், நோன்புப் பசி தலைக்கேறிவிட்டதா என்று கேட்டான். சோதனைப் போனை 417-இல் மாட்டி இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தேன்.

தட்டுகள். கரண்டி. கொதிக்கும் தண்ணீர்.

5.10-க்குப் பாங்கு.

ஸக்கியின் முகத்தில் இருந்த கேலி அப்படியே நின்றுபோனது. மெல்ல எழுந்தான்.

"உஸ்தா... இது ஹாஜ் பயூமி குரல்."

யார் என்று கேட்டேன்.

"நம்ம பள்ளிவாசல் மோதினார். நான் ஸ்கூல்ல படிக்கிறப்போ பாங்கு சொன்னவரு. அவரு மையத்தை அடக்கத்துக்குக் கொண்டுபோனப்போ நானும் பின்னாடி நடந்தேன்."

இருந்தாலும் என் சந்தேகம் அவனை விடவில்லை. எங்கேயோ ஒரு கம்பி ஒட்டியிருக்கிறது, எவனோ விளையாடுகிறான் என்றே நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். கூடத்திலிருந்து வரும் கேபிள்கள் எல்லாம் அங்கே இறங்கித்தான் தெருவுக்குப் போகும். 417 இருக்கிற கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பத்து மீட்டர். அதற்குமேல் கேபிள் இல்லை. ரம்பத்தால் அறுத்த முனை. செம்பில் பச்சை பிடித்திருந்தது. தெருப் பக்கத்துக் கேபிளை நாலு மாதம் முன்பே பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்த ஜோடி எந்த வீட்டுக்கும் போகவில்லை.

இன்ஜினியர் தாமிரிடம் சொன்னேன். மீட்டரையும் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். செம்பு விலை ஏறுகிற ஏற்றத்தில் ஒரு நாள் தாமதித்தால் யாருக்கு லாபம் என்று தனக்குத் தெரியும் என்றார். ராத்திரியில் கேபிள் துண்டுகள் சுவரேறிக் குதிப்பதும் தெரியும் என்றார். இருபத்தேழுக்குள் 417 போகவில்லையென்றால் நானும் போக வேண்டியதுதான்.

"வெட்டிடுவேன், இன்ஜினியர். ஆனா அது பாக்கி இருக்கிற லைன். பாக்கி தீராம வெட்டக் கூடாதுன்னு நீங்க கொடுத்த வேலைத்தாள்ல இருக்கு."

"பாக்கியைக் கமிட்டி தள்ளுபடி பண்ணிக்கும். நீ உன் வேலையைப் பாரு."

பாக்கிப் பிரிவில் இருந்தவர் மதாம் நஜ்லா. ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கிறவர். கோப்பைத் தேடித் தருகிறேன், கிடங்கில் எங்கே கிடக்கிறதோ என்றார். பேச்சுவாக்கில் நான் 5.09, 5.10 என்று நேரத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அஞ்சே காலுக்குள்ள மஃரிப்னா அது குளிர்கால ரமலான், உஸ்தா. ரமலான்தான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகருதே. என் மகள் பிறந்தப்போ அப்படி இருந்துச்சு."

மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். இருபத்தாறு என்றார்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. பாங்கு ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் போலத் தள்ளிக்கொண்டே போனது. 5.12... 5.14... அங்கேயும் ரமலான் ஓடிக்கொண்டிருந்தது, எங்களோடு சேர்ந்தே. ஒரு அம்மாவின் குரல் பழகிவிட்டது. பாங்கு முடிந்ததும் ரிசீவர் பக்கம் வந்து, "திறந்தாச்சா?" என்பாள். ரொம்பத் தூரத்திலிருந்து, இரண்டு நொடி தாமதமாக, ஓர் ஆண் குரல், "திறந்தாச்சும்மா" என்னும். வெளிநாட்டில் இருக்கிற மகன். இருவரும் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பேச்சு அதிகம் இருக்காது. கரண்டிச் சத்தம்தான்.

ஸக்கி அந்த நேரத்தில் கூடத்துக்குள் வருவதை நிறுத்திவிட்டான்.

ரமலான் இருபத்தேழு. சட்டத்தில் மிச்சம் ஒரே ஒரு ஜோடி. மாலை 5.05-க்குக் கூடத்தில் நான் மட்டும்.

மீட்டர் ஏழு.

இடது கையில் போன். வலது கையில் குறடு.

5.16. பாங்கு.

"திறந்தாச்சா?"

"திறந்தாச்சும்மா."

தட்டுகள். ஒரு குழந்தை இருமியது. கொதிக்கும் தண்ணீர் அன்றைக்கு ஏனோ அதிகமாக இரைந்தது. கேஸ் அடுப்பு இரைகிற மாதிரி, நிற்காமல்...

முடிப்பார்கள் என்று நின்றேன்.

5.18.

5.20.

முடிக்கவில்லை.

மேலே இன்ஜினியரின் செருப்புச் சத்தம் கேட்டது. கம்பியில் குறடு வைத்தேன். பேசுகிற லைனை வெட்டக் கை வரவில்லை.

சோதனைப் போனில் பேசுகிற பொத்தான் ஒன்று உண்டு.

அழுத்தினேன்.

"எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து பேசுறேன். இந்த லைனை வெட்டப் போறோம். பேச்சை முடிச்சுக்குங்க."

கரண்டிச் சத்தம் நின்றது.

எல்லாச் சத்தமும் நின்றது.

அந்த இரைச்சல் மட்டும்...

பிறகு அவள் குரல். ரிசீவருக்கு மிக அருகில்.

"நீ நோன்பு திறந்தியா, மகனே?"

"திறந்தேன்" என்றேன். பொய்.

"அப்ப சரி."

டக்.

மீட்டர் நாற்பத்தெட்டுக்கு ஏறியது.

ஒரு மூச்சு நேரம் நின்றது.

பூஜ்யம்.

வெட்டினேன். மணி 5.21.

மறுநாள் அலமாரிகள் வந்து இறங்கின. இன்ஜினியர் என் தோளைத் தட்டி, காவல் வேலை உறுதி என்றார். பகல் பன்னிரண்டுக்கு மதாம் நஜ்லா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். கோப்பு கிடைத்துவிட்டதாம். கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மதாம் கதவைச் சாத்தினார்.

சந்தாதாரர் ஒரு விதவை. மகன் குவைத்தில். மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட இருந்தார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன், ரமலான் இருபத்தேழு மாலை, குளியலறை கேஸ் ஹீட்டர் கசிந்து நால்வரும் சாப்பாட்டு மேஜையிலேயே போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். கடைசிப் பில்லைக் கட்ட ஆள் இல்லை. அதுதான் பாக்கி.

அடியில் ஒரு காகிதம் இருந்தது. குவைத்திலிருந்து மகன் கொடுத்த புகார். மதாம் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். மெதுவாகப் படிக்கிறவன் நான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்.

தினமும் அம்மா நோன்பு திறக்கும்போது நானும் லைனில் இருப்பேன். அன்றைக்கு ஊர் நேரம் 5.20-க்கு லைனில் ஓர் ஆள் குறுக்கிட்டான். எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன், லைனை வெட்டப் போகிறோம், பேச்சை முடித்துக்கொள்ளுங்கள் என்றான். நோன்பு திறந்தாயா என்று அம்மா அவனையும் கேட்டார். திறந்தேன் என்றான். அம்மா போனை வைத்துவிட்டார். அவர் வைக்காமல் இருந்திருந்தால் அவர்கள் மயங்கி விழும் சத்தம் எனக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்திருப்பேன். அந்த ஆள் யார்?

கீழே சிவப்பு மையில் எக்ஸ்சேஞ்சின் பதில். விசாரித்தோம். குறித்த நேரத்தில் கூடத்தில் ஊழியர் எவரும் இல்லை.

அந்த வருஷம் நான் எங்கோ தெற்கே அஸ்வானில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மதாம் நஜ்லா கோப்பை மூடினார். பிறகு தள்ளுபடிப் படிவத்தை எடுத்தார். இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"லைனைத் துண்டிச்சவர் பேரு?"

சொன்னேன். எழுதினார்.

"தேதி?"

"ரமலான் இருபத்தேழு."

எந்த வருஷம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பவுண்டு முப்பத்தைந்து பியாஸ்தர், தள்ளுபடி.