மாப்பிள்ளையின் பூதங்கள்

கோணல்மாணலாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்று நினைவுக்கு வரும்போது இன்னொன்று நழுவிவிடுகிறது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்களும், என்னைப்போல் பிள்ளைகளோடு வெளிநாட்டில் வந்து இருப்பவர்களும் படித்தால் போதும்.

இங்கே, நார்வேயில், காலையில் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பது மாப்பிள்ளை. என் மகள் வனிதாவின் வீட்டுக்காரர், இந்த ஊர்க்காரர். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி "வர்சகூ" என்பார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். நான் எழுந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு வாங்கி, சமையலறைக்குள் போய்விடுவேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை எதிரில் மாமியார் உட்காருவதில்லை, நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. அது அவருக்குக் கொடுக்கிற மரியாதை.

எனக்குக் கொடுத்த அறை அதுவரை அவருடைய பொம்மை அறை. சின்ன வயதில் பார்த்த ஒரு கார்ட்டூனில் வந்த பூதங்களையெல்லாம் சேர்த்து, சுவர் முழுக்கப் பலகை அடித்து நிற்க வைத்திருக்கிறார். கொம்பு வைத்தது, நாக்கைத் தொங்கவிட்டது, முதுகெல்லாம் முள்ளாக இருப்பது. எல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். வெளியே எப்போதும் மழை. மத்தியானத்திலேயே விளக்குப் போட்டுவிடுவார்கள். அந்த மங்கலில் படுத்துக்கொண்டு பார்த்தால் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று தெரியாது. பூதங்கள் மெல்ல மூச்சு விடுவதுபோல இருக்கும்.

அவற்றில் ஒன்று எனக்குத் தெரிந்தது. தொந்தி வைத்த, ஒற்றைக்கண் பச்சைப் பூதம். வனிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே கார்ட்டூன் சாயங்காலத்தில் தமிழில் வரும். எங்கள் வீட்டில் டிவி இல்லை. எதிர் வீட்டில் தெருப் பிள்ளைகளெல்லாம் குந்தியிருப்பார்கள். கழனியிலிருந்து புல்லுக்கட்டோடு வருகிற நான் அவளைக் கூப்பிடப் போவேன். போனவள் சுமையை இறக்காமல் வாசற்படியிலேயே நின்றுவிடுவேன். அந்தப் பூதம் ஒருநாளும் ஜெயிக்காது. தொப்பென்று விழும், "குர்ர்... பூ" என்று முனகும், மறுபடி எழுந்திருக்கும்.

"யக்கா, மாடு கத்திக்கினு கீது, நீ பூதம் பாத்துக்கினு கீற" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்வாள்.

சிப்ஸ் பாக்கெட்டில் அந்தப் பூதம் போட்ட வட்டச் சில்லு வந்தால் வனிதா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ரப்பர் பொம்மையாகவும் அது தொங்கும். நின்று பார்த்துவிட்டு வருவோம்.

ஒரு சனிக்கிழமை அறைக்குள் போனால் பலகை பாதி காலி. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பூதத்தையும் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார். நான் வழக்கம்போல் வெளியே வந்துவிட்டேன்.

"லோப்பமார்க்கெட்டுக்குக் குடுக்கறாரும்மா" என்றாள் வனிதா. பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியத்துக்காகப் பழைய சாமான் விற்கிற சந்தை அது.

"ஏன்டி? ஆசையா வெச்சிக்கினு இருந்தாரே."

"அந்தப் பூதங்களப் பாத்து நீ பயப்படறியாம். அவர் வந்தா நீ எய்ந்து ஓடற இல்ல? வூட்ல ஒரு பெரிய மனுஷி பயந்துக்கினு இருக்கக் கூடாதுன்றாரு."

"நான் எங்கடி பயந்தேன்? மாப்ள எதிர்ல எப்டி குந்துறது?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு இன்னாம்மா தெரியும்? பொம்மையும் போவுது. மாமியாருக்கு நம்மளப் புடிக்கலன்னு மனசுல வேற வெச்சிக்கினு இருக்கப் போறாரு. நீயே போய்ச் சொல்லு."

"இன்னா பாஷைல சொல்றது?"

"இன்னாவோ சொல்லு. மொதல்ல அவர் எதிர்ல குந்து."

உடம்பெல்லாம் கூசியது. போய்க் கட்டிலின் ஓரத்தில், அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்குப் படுக்க வேண்டும்போல என்று நினைத்து அவர் எழுந்தார். கையில் ஒற்றைக்கண் பூதம் இருந்தது. நான் கையை நீட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"குர்ர்... பூ."

மாப்பிள்ளை அப்படியே நின்றார். பிறகு அந்தப் பெரிய உடம்போடு தொப்பென்று தரையில் விழுந்து, "குர்ர்... பூ" என்று முனகினார். பேச்சைத்தான் தமிழில் மாற்றியிருக்கிறார்கள், பூதத்தின் முனகலை மாற்றவில்லை போலிருக்கிறது. கதவோரம் நின்ற வனிதா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள்.

பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் பலகையில் ஏற்றினோம். உங்கள் ஊரில் பூதம் உண்டா என்று வனிதா மூலமாகக் கேட்டார். எங்கள் ஊர்த் தீமிதித் திருவிழாவில், பாரதக் கூத்தின் கடைசி நாள் சண்டை நடக்கிற படுகளத்துக்கு மண்ணால் செய்து படுக்கவைக்கிற பெரிய உருவத்தைச் சொன்னேன். உருட்டு விழியும் முறுக்கு மீசையுமாக, கூத்தில் தோற்றுச் சாகிறவன். செத்தவன்தானே என்று நாங்கள் ஒதுக்க மாட்டோம். பெண்களெல்லாம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, முந்தானையில் முடிந்து வந்து நெல்லில் போட்டு வைப்போம். பூதத்தை வீட்டுக்குள் வைத்துப் பழகினவள்தான் நான் என்று சொல்லச் சொன்னேன்.

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. களிமண் வாங்கி வந்து என் அறை மூலையிலேயே சின்னதாக ஒன்று செய்கிறார். காலும் வயிறும் ஆயிற்று. படுக்க வைக்க வேண்டும், தலை எந்தத் திசையில் என்று நேற்றுக் கேட்டார். எனக்கு வரவில்லை. கண்ணை மூடினால் கூட்டம் தெரிகிறது, புழுதி தெரிகிறது, தலை எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை. தெற்கு என்று சொல்லிவைக்கலாமென்றால், இந்த மழை ஊரில் சூரியனைப் பார்த்தே நாளாகிறது. தெற்கு எந்தப் பக்கம் என்றும் எனக்குப் பிடிபடவில்லை. இங்கத்துத் திசையை மாப்பிள்ளை காட்டிவிடுவார். ஊரில் இருப்பவர்கள் யாராவது படுகளத்துக்குப் போனால், தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள். மண் காயாமல் ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறோம்.