கச்சான் அடித்த ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கேதான் பாய்மரப் படகு ஓட்டப் பழகினார். ஊர் திரும்பி ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. போன வருஷம் தை பிறந்ததும் கொச்சியிலிருந்து பன்னிரண்டு அடி ஃபைபர் படகு ஒன்றை டெம்போவில் ஏற்றி வந்தார். பழசு. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் தெருவைத் தாண்டினால் கண்மாய். மாசியில் தண்ணீர் வற்றும் வரைக்கும் ஞாயிறுதோறும் எனக்கு அதில் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அதை மறைக்கவில்லை.

தண்ணீர் வற்றியதும் பேச்சு தொடங்கியது. படகைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

“கண்மாய்ல தண்ணி கெடக்கும்போது காத்து இருக்காது. காத்து வரும்போது தண்ணி இருக்காது. அதுக்கு எதுக்குப் படகு?”

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். “கண்மாய்ல காத்து இழுத்துட்டுப் போனா எதிர்க்கரை தடுக்கும். கடல்ல எது தடுக்கும்? இந்தப் படகு ஒரு முழ உசரந்தான் இருக்கு. அடுத்த மழை வரைக்கும் பொறுங்க.”

“அப்ப நீ கண்மாய்லயே ஓட்டிக்கோ. பொம்பளையாளுக்கு அது போதும்.”

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக்குப் போனோம். அவருடைய சேக்காளிகள் இருவர் கூட வந்தார்கள். புளியோதரை கட்டி எடுத்துவர நான்.

கரையில் இறங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. காற்று முதுகில் அடித்தது. என் முந்தானை கடல் பக்கமாகப் பறந்தது. கரையோரம் தண்ணீர் தட்டு மாதிரிக் கிடந்தது, அலையே இல்லை. தள்ளிப் போனால் வெள்ளை நுரை.

“காத்து கரைலருந்து கடலுக்கு அடிக்குது. போறது லேசு, திரும்பி வர ஏலாது. இன்னைக்கு வேண்டாங்க.”

அவர் சேக்காளிகளைப் பார்த்துச் சிரித்தார். “டீச்சர் இங்கயும் பாடம் எடுக்க வந்துட்டாக.”

மூன்று பேரும் ஏறினார்கள். பத்து நிமிஷம் படகு பறந்தது. பிறகு திருப்பப் பார்த்தார்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இன்னும் தள்ளிப் போனார்கள். கடைசியில் பாயே கண்ணில் படவில்லை.

நான் ஓடினேன். படகிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு கட்டி இழுத்துவந்தார். மூன்று பேரும் நனைந்து, வாந்தியெடுத்து, நிற்க முடியாமல் இறங்கினார்கள்.

“கச்சான் அடிக்கிற மாசம் சார் இது. மேக்கத்திக் காத்து கடலுக்குள்ளதான் தள்ளும். இம்புட்டூண்டு படகை எவனாச்சும் எறக்குவானா?”

என் கணவர் கைகூப்பினார். “ஆமாண்ணே. தப்புதாண்ணே.”

நான் சொன்ன அதே விஷயம். என் வாயிலிருந்து வந்தபோது சிரிப்பு, அந்த மீனவர் வாயிலிருந்து வந்ததும் கும்பிடு.

காரில் திரும்பும் வழியில் காற்று திடீரென்று திசை மாறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பின்சீட்டிலிருந்து சொன்னேன்: “மாறல. காலைலருந்து அப்படித்தான் அடிச்சுது.” சேக்காளிகளில் ஒருவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு வாரத்தில் அது கடையில் சாகசக் கதையாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் கேட்டாள்: “மதினி, கரைல உக்காந்து ஓன்னு அழுதீகளாமே?”

நான் அழவில்லை. ஓடிப்போய் ஆள் கூட்டிவந்தேன்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. அவரைக் கேட்கவில்லை. மீன் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, பள்ளி வேன் டிரைவரை உதவிக்கு அழைத்துப் படகை இறக்கினேன். காற்று கொஞ்சம்தான். எதிர்க்கரை போய்ச் சேர ஒரு மணி நேரமானது. திரும்பி வரும்போது என் கணவர் கரையில் பைக்கை நிறுத்திவிட்டு, பாயை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தபடி பிடித்தேன்.

கரை ஏறியதும் கேட்டார். “அடுத்த வாரம் நானும் வரட்டா?”

“அன்னைக்கு நான் சொன்னதுதான் சரின்னு மொதல்ல உங்க சேக்காளிகட்டச் சொல்லுங்க. பொறவு வாங்க.”

தை முடியப்போகிறது. இன்னும் சொல்லவில்லை. ஞாயிறானால் வருகிறார், படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார், கரையில் நிற்கிறார். நான் தனியாகத்தான் போகிறேன்.