பின்கதவுப் பூனை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வாரமே ஒரு சாம்பல் பூனை எங்களோடு ஒட்டிக்கொண்டது. என் கணவருக்கு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. பூனை அவர் மடியிலேயே தூங்கும். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டு லட்சுமி போய்விடக் கூடாதென்று நான் பின்கதவைச் சாத்தினால், கதவைப் பிறாண்டி அழும். ஒருநாள் எரிச்சலில் அடித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். “அடிக்காதம்மா! முந்தி இங்க இருந்தவரு வளர்த்த பூனை. இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுறவரு. பின்பக்கமா வந்து, குளிச்சிட்டுத்தான் உள்ள நுழைவாரு. வேலையில அடிபட்டுச் செத்துட்டாரு.”

மறுநாள் கதவைத் திறந்தே வைத்தேன். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளில்லாத கொல்லையில் யாருடைய காலையோ உரசுவதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது.

இப்போதெல்லாம் விளக்கேற்றியதும் பின்கதவைத் திறந்து, வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள். காலையில் அந்தத் தண்ணீர் கரியாய்க் கறுத்திருக்கிறது.