அழிக்க முடியாத பெயர்கள்

லிந்துலைத் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரும், நிதி மதிப்பீட்டுக்குப் போன நானும் இருந்தோம். தோட்டத்தை நடத்தும் தொரை வரவில்லை. மண்சரிவைத் தடுக்க தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நட்ட மரங்களை, யாராலும் திருத்த முடியாத பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் அவர்கள் பதிந்திருந்தார்கள். மீதிச் சரிவிலும் மரம் நடுவதற்குத்தான் நிதி கேட்டார்கள். நில உரிமையாளர் என்ற இடத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரையே போட்டிருந்தார்.

"நெலம் கம்பெனியோடதுங்க அக்கா" என்றேன்.

"நட்டது நாங்க தம்பி. தொரையா வந்து குழி வெட்டுனாரு?"

"மாத்த முடியுமா?"

"அழிக்கவே முடியாதுன்னு போன தடவ நீங்கதானே சொன்னீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். லயத்தில் பிறந்த என்னால் சிரிக்க முடியவில்லை. நிலம் சொந்தமில்லை என்றால் நிதி இல்லை என்பது விதி. அறிக்கையில் "சொந்தமில்லை" என்றே எழுதினேன்.

அவர்களுக்குக் கிடைக்காமல் போனது எட்டு லட்ச ரூபாய்.