காடு இல்லையெண்டால் நானும் இல்லை

சுற்றுலா கூட்டிப்போகிற தொழிலில் இடத்தைக் காட்டுவது சுலபம். சனத்தை அதைப் பார்க்க வைப்பதுதான் பெரும்பாடு. சொந்தக்காரரோடு ஒரு பயணம் போய்வந்தவர்களுக்கு இது விளங்கும். மொன்றியலிலிருந்து எங்கள் தமிழ் ஆட்களைக் கோடையில் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் தீவுக்குக் கூட்டிப்போவது என் வேலை. அங்கே கடலோரத்தில், எவரும் கைவைக்கக்கூடாதென்று பாதுகாத்து வைத்திருக்கும் ராட்சத மரங்களின் காடு இருக்கிறது. அதற்கென்று ஒரு முழுநாளை ஒதுக்கியது நான்தான். அந்த நாளைப் பயணத்திலிருந்து வெட்டிவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஒரே அரிப்பு. அந்தக் காட்டில் நிற்கும்போது மட்டும்தான் எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றும். விடுவேனா?

பின்வளவு மேப்பிள்

மொன்றியலின் அஹுன்ட்சிக் பக்கத்திலிருந்து வந்த றீற்றா அக்கா கடைக்குப் போகலாம் என்றார், கால் உளைகிறது என்றார், காட்டு வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். அப்படியென்றால் நானும் இறங்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் எழும்பினார்.

"பிளேன் ஏறி வந்தது மரம் பாக்கவோ பிள்ளை? எங்கட பின்வளவிலயும் ஒரு மேப்பிள் நிக்குது."

மூன்று சுற்று

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து அண்ணை ஒருவர் பெரிய மரத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுற்றிக் கும்பிடப் புறப்பட்டார். பலகைப் பாதையை விட்டு இறங்கினால் வேர் நசியும் என்பதால் அதற்குத் தடை. இரண்டு கையையும் விரித்து மறித்தேன். கெஞ்சினார், அதட்டினார்; நான் அசையவில்லை. கடைசியில் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே மூன்றுமுறை சுற்றிக்கொண்டார்.

"நந்தி மாதிரிக் குறுக்கால நிக்கிறாய். சாமியே பேசாமல் நிக்குது, உனக்கென்ன?"

ஒரு படம்

அதே நாள் றீற்றா அக்கா தன் கணவரை மரத்தோடு நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். கணவர் தெரிந்தால் உச்சி தெரியவில்லை. உச்சி தெரிந்தால் கணவர் எறும்பு. அக்கா அண்ணாந்து பார்த்தபடியே பலகைப் பாதையில் பின்னுக்குப் பின்னுக்குப் போனார்.

"இவரை விட்டிட்டு மரத்தை மட்டும் எடு பிள்ளை. இவரை வீட்டிலயும் பாக்கலாம்தானே."

மோல் வாசல்

இந்த வருடம் முதலாளி காட்டை எடுத்துவிட்டு அந்த நாளில் ஒரு மோலை, பெரிய கடைத்தொகுதி ஒன்றை, போட்டார். காடு இல்லையென்றால் நானும் இல்லை என்றேன். அப்படியென்றால் இதுதான் கடைசிப் பயணம் என்றார். நல்லது என்று அந்தக் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பினேன்.

றீற்றா அக்கா இந்தமுறை தங்கச்சியோடு வந்திருந்தார். மோல் வாசலில் பஸ் நின்றது. இறங்குங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரம் எங்கே என்று கேட்டார் அக்கா. காட்டை எடுத்தாயிற்று என்றேன். உடனே எழுந்துபோய் பஸ் படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்; ஒருவரையும் இறங்கவிடவில்லை.

"கடை எங்கட வீட்டுக்குப் பக்கத்தில லவாலிலயும் கிடக்கு. தங்கச்சிக்கு மரம் காட்டுறன் எண்டு கூட்டிவந்தனான். பஸ்ஸைத் திருப்பச் சொல்லு பிள்ளை, முதலாளியோட நான் கதைக்கிறன்."

அக்கா போனில் முதலாளியைப் பிடித்தார்; பஸ் காட்டுக்குத் திரும்பியது. வேலையும் போகவில்லை, காடும் போகவில்லை. முதலாளியின் விளம்பரத்தில் மட்டும் அந்த நாள் இன்னமும் மோல்தான்.