தூக்குவாளியில் கட்டிய துணி

எண்பதுகளின் கடைசியில், நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அப்பாவுக்கு வேலை. ஒரேயொரு நாள் லீவு கிடைக்க, முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பா, அம்மா, தங்கை, நான் நால்வரும் திருச்செந்தூர் போனோம். கடலை முதன்முதலாகப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் எனக்கு இட்லிகூட இறங்கவில்லை.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். பிறந்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், திருமுக்குளத்தில்கூட மூன்றாம் படிக்குக் கீழே இறங்கியதில்லை. கரையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு நீளப் பேண்டேஜ் துணிகளை எடுத்தாள். நாலாக மடித்து முறுக்கி, எனக்கொன்றும் தங்கைக்கொன்றுமாக இடுப்பில் கட்டி, மறுமுனைகளைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏட்டி, இதுக புள்ளையளா, கன்னுக்குட்டியளா?" என்று அப்பா சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. இது நீங்க குதிக்கிற கெணறு இல்ல, கடலு."

பக்கத்தில் குளித்த பெண்களும் சிரிக்க, எனக்கு மானமே போய்விட்டது. தங்கைக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அலையில் ஆட்டம் போட்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் முடிச்சை அவிழ்த்து, பின்னால் இருந்த புளியோதரைத் தூக்குவாளியில் கட்டிவிட்டு நழுவினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

இரண்டாவது அலையிலேயே காலடி மண் சரிந்தது. "அம்மா!" என்று கத்தினேன். வாயெல்லாம் உப்புத் தண்ணீர். அம்மா பலங்கொண்ட மட்டும் துணியை இழுத்திருக்கிறாள். வந்தது தூக்குவாளி.

என் சடையைப் பற்றி இழுத்த கை அப்பாவுடையது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் அம்மா, கழுத்தளவு தண்ணீரில்! தங்கையைக் கரையில் விட்டு ஓடிவந்த அப்பா, எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக் கரையேற்றினார்.

அம்மா அடிக்கவில்லை. என் தலையைத் துவட்டிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவுத்து விட்டிருப்பேம்ல?" என்று மட்டும் கேட்டாள். திரும்பும் பஸ்ஸில் ஈரத்துணியை நானே இடுப்பில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தேன். ராஜபாளையம் வந்து இறங்கும்வரை அவளும் விடவில்லை, நானும் அவிழ்க்கவில்லை.

போன வருடம் என் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அன்றிரவு அவளுக்குப் போன் அடித்து அடித்து, அவள் எடுக்காத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், இழுத்த துணியில் நான் இல்லை என்று கண்டபோது அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது.